வாட்டின் 11 வருடங்களும் என் 19 மில்லிமீட்டரும்

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறை. ஏழு மாதமாக நான் செய்துகொண்டிருந்த குட்டி நீராவி இன்ஜினுக்குக் கம்ப்ரஸர் குழாயைச் செருகி, வால்வைத் திறந்தேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஃபிளைவீல் கால் சுற்று சுற்றியது, நின்றுவிட்டது. கையால் தள்ளிவிட்டேன். மறுபடி கால் சுற்று. மறுபடி உஸ்ஸ்.

எட்டாவது படிக்கும் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

நான் படித்தது பி.இ. மெக்கானிக்கல். பிழைப்பு சாஃப்ட்வேர். என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். கல்லூரியில் லேத்தைத் தொட்டது மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு சின்ன பெஞ்ச் லேத் வாங்கி, மாடியில் போட்டு, தெரிந்த ஃபவுண்டரியில் கெஞ்சி இரண்டு சிலிண்டர் வார்ப்பு ஊற்றி வாங்கியிருந்தேன். போர் 19 மில்லிமீட்டர். ஐந்து ரூபாய் நாணயம்கூட உள்ளே போகாத அளவு. இதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

கஷ்டம் எங்கே என்று தேடப் போனபோது, 250 வருடத்துக்கு முன் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு 11 வருடம் முழித்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். பெயர் ஜேம்ஸ் வாட்.

கெட்டில் வேண்டாம், மாடல் போதும்

வாட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, கெட்டில் மூடி ஆவியில் தூக்கிப் போடுவதைப் பார்த்த சிறுவன். அதை விட்டுவிடுவோம். வாட் பிறந்தது 1736. தாமஸ் நியூகோமனின் நீராவி இன்ஜின் இங்கிலாந்தின் டட்லிக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தது 1712. ஆக, வாட் பிறப்பதற்கு 24 வருடம் முன்பே நீராவி வேலை செய்துகொண்டிருந்தது.

வாட் அடிப்படையில் கருவி செய்பவர். 1755-ல் லண்டன் போய் ஒரு வருடம் தொழில் கற்றுத் திரும்பி, கிளாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்திருந்தார். 1763-64 குளிர்காலத்தில் அவரிடம் ஒரு ரிப்பேர் வேலை வந்தது. வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் இன்ஜினின் சின்ன மாடல். சிலிண்டர் விட்டம் 2 அங்குலம், ஸ்ட்ரோக் 6 அங்குலம். அந்த மாடல் இன்றும் கிளாஸ்கோவில் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாட் அதைச் சரிசெய்துவிட்டார். ஆனாலும் ஓடவில்லை. சில அடி அடித்துவிட்டு, ஆவி தீர்ந்து நின்றுவிடும். கொதிகலன் அளவில் குறையில்லை. பெரிய இன்ஜினின் அதே விகிதத்தில்தான் செய்திருந்தார்கள். பெரியது ஓடுகிறது, சிறியது ஓடவில்லை. ஏன்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சிலிண்டரின் கொள்ளளவு நீள அகல உயரம் மூன்றையும் பொறுத்தது. சுவரின் பரப்பு இரண்டைத்தான் பொறுத்தது. எல்லா அளவையும் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகும். சுவர்ப் பரப்பு நாலில் ஒரு பங்குதான் ஆகும். அதாவது சின்ன சிலிண்டருக்குள், ஆவியின் அளவோடு ஒப்பிட்டால், சுவர் அதிகம். 1712 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 21 அங்குலம். அதோடு ஒப்பிட்டால் கிளாஸ்கோ மாடலில் ஒவ்வொரு பங்கு ஆவிக்கும் சுமார் 10 மடங்கு சுவர்.

நியூகோமன் முறையில் ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி ஆவியைக் குளிர வைப்பார்கள். சிலிண்டரும் சேர்ந்து குளிரும். அடுத்த அடிக்கு வரும் ஆவியில் பெரும் பகுதி, அந்தச் சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே தண்ணீராகிப் போய்விடும். பெரிய இன்ஜினிலும் இந்த நஷ்டம் உண்டு. ஆனால் சுரங்க வாசலில் நிலக்கரி கொட்டிக் கிடந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. மாடல் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. எங்கள் துறையில் சொல்வதானால், புரொடக்‌ஷனில் 50 வருடமாக ஒளிந்திருந்த பிழை டெஸ்ட் சூழலில் வெளியே வந்தது.

மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்று, ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்த மரத்தில் 6 அங்குல சிலிண்டர் ஒன்று செய்து பார்த்தார் வாட். கொஞ்சம் தேவலை, ஆனால் தீர்வு இல்லை. 1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது வழி தெரிந்தது. ஆவியைச் சிலிண்டருக்கு வெளியே, தனியாக ஒரு பாத்திரத்தில் குளிர வைத்தால் என்ன? சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கட்டும். கண்டென்சர் எப்போதும் குளிர்ந்தே இருக்கட்டும்.

திங்கட்கிழமையே மாடல் செய்ய உட்கார்ந்தார் என்பார்கள். சிலிண்டருக்கு அவர் எடுத்தது ஒரு பெரிய பித்தளைப் பீச்சாங்குழல். விட்டம் 1¾ அங்குலம், நீளம் 10 அங்குலம். கண்டென்சர் மெல்லிய தகரத்தில். அந்தச் சின்ன மாடல் 18 பவுண்டு எடையைத் தூக்கியது. யோசனை சரிதான் என்று நிரூபணம் ஆகிவிட்டது.

பாடப்புத்தகம் இங்கே முடிந்துவிடும். அடுத்த வரி தொழிற்புரட்சி. ஆனால் வாட்டின் முறையில் செய்த முழு அளவு இன்ஜின் ஊருக்கு முன்னால் ஓடியது 1776 மார்ச் மாதம். நடுவே போன 11 வருடம் எங்கே?

பழைய தொப்பி, நனைத்த துணி, குதிரைச் சாணம்

என் இன்ஜினில் எது கசிந்ததோ, அதுவேதான் அங்கேயும் கசிந்தது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி.

நியூகோமனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பிஸ்டன் விளிம்பில் ஒரு தோல் வளையம், அதன் மேல் கொஞ்சம் தண்ணீரை நிறுத்திவிட்டால் போதும். போர் கோணலாக இருந்தாலும் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் உள்ளே ஒழுகினாலும் பாதகமில்லை, எப்படியும் உள்ளே தண்ணீர் பீய்ச்சத்தானே போகிறோம்.

வாட்டுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. சிலிண்டர் சூடாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கண்டுபிடிப்பே. மேலே தண்ணீர் நின்றால் அது சிலிண்டரைக் குளிர்விக்கும், அல்லது தானே கொதித்துப் போகும். ஆக, அவருடைய நல்ல யோசனைதான் பழைய ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த தக்கையைப் பிடுங்கியது. இப்போது சிலிண்டர் உண்மையிலேயே வட்டமாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் பணம் போட்டார். 1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. அதே வருடம் ஸ்காட்லாந்தின் கின்னீலில், ரோபக்கின் வீட்டுக்குப் பின்னால், சோதனை இன்ஜின் எழும்பியது. 18 அங்குல சிலிண்டர், ஈயம் போன்ற மெத்தென்ற வெள்ளீயத்தில், சுத்தியலால் தட்டி உருவாக்கியது. கசிவை அடைக்க வாட் எதையெல்லாம் திணித்தார் என்று சாமுவேல் ஸ்மைல்ஸ் 1865-ல் எழுதிய வரலாறு ஒரு பட்டியலே தருகிறது: கார்க், எண்ணெயில் நனைத்த துணி, சணல், அட்டை, பழைய தொப்பி, குதிரைச் சாணம். படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு என் குப்பைக் கூடையைப் பார்த்தேன். கிராஃபைட் நூல், டெஃப்லான் டேப், ரப்பர் வளையம். நானும் அதே பட்டியலைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதங்களில் இன்னொரு செய்தியும் வருகிறது. வாட்டுக்குத் தகர வேலை செய்துகொடுத்த ஒரு முதியவர் இறந்துபோனார். அதை ரோபக்குக்கு ஒரு பெரிய நஷ்டமாக எழுதுகிறார் வாட். நான் படித்த வரையில் அந்த முதியவரின் பெயர் எங்கும் இல்லை.

பெரிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் இந்த இன்ஜினைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு பிரபலம்: இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைச் செய்வதற்குக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. இத்தனைக்கும் காரன் இரும்பாலைக்கு சிலிண்டர் குடையும் இயந்திரம் வடிவமைத்துக் கொடுத்தவரே அவர்தான்.

குடும்பம் பிழைக்க வேண்டுமே. வாட் கால்வாய் சர்வே வேலைக்குப் போனார். 1773-ல் ரோபக் திவாலானார். அதே வருடம் வாட்டின் மனைவி மார்கரெட் இறந்தார். கையில் இருந்தது ஒரு காப்புரிமைப் பத்திரமும் ஓடாத இன்ஜினும். ரோபக்கின் பங்கை பர்மிங்காமின் மாத்யூ போல்ட்டன் எடுத்துக்கொள்ள, 1774-ல் வாட் ஊரைக் காலி செய்துகொண்டு பர்மிங்காம் போனார்.

பீரங்கிக்காரர்

வழி திறந்தது பீரங்கி செய்பவரிடமிருந்து. ஜான் வில்கின்சன், இரும்பு ஆலை முதலாளி. வேல்ஸில் ரெக்ஸம் அருகே பெர்ஷாம் என்ற ஊரில் இவருடைய ஆலை. 1774-ல் பீரங்கி குடைவதற்கு ஒரு புது முறைக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு சிலிண்டர் குடைவதற்கென்றே வேறொரு இயந்திரம் கட்டினார்.

பழைய இயந்திரத்தின் கோளாறைப் புரிந்துகொள்ள ஒரு பென்சிலை நுனியில் பிடித்துக்கொண்டு மறுநுனியால் மேஜையை அழுத்திப் பாருங்கள். பென்சில் வளையும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த நீளமான தண்டின் நுனியில் கட்டர் இருந்தால், அது தன் எடையாலேயே தொங்கும். வார்ப்பில் ஏற்கெனவே உள்ள கோணலான ஓட்டையின் வழியிலேயே இழுபட்டுப் போகும். அது ஓட்டையைப் பெரிதாக்கும், நேராக்காது.

வில்கின்சன் தண்டைச் சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து மறுபக்கம் எடுத்து, இரண்டு முனையிலும் தாங்கி கொடுத்தார். கட்டர் அந்தத் தண்டின் மேல் நகர்ந்தது. நீர்ச்சக்கரம் தண்டைச் சுழற்றியது. இப்போது கட்டருக்கு வழி சொல்வது வார்ப்பின் ஓட்டை அல்ல, இரண்டு பக்கமும் பிடித்த தண்டு. அவ்வளவுதான் விஷயம். கேட்டால் 'இதுவா?' என்று தோன்றும்.

டிப்டனில் ப்ளூம்ஃபீல்ட் சுரங்கத்துக்கு 50 அங்குல சிலிண்டர் இப்படித்தான் வந்தது. அந்த இன்ஜின் 1776 மார்ச் 8 அன்று ஓடத் தொடங்கியது. அந்தச் சிலிண்டரின் பிசகு எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன்கூட இல்லை என்று போல்ட்டன் பூரித்து எழுதினார். அந்தத் தடிமனை சுமார் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 அங்குலம் என்பது 1270 மில்லிமீட்டர். அதே விகிதத்தை என் 19 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டேன். 0.015 மில்லிமீட்டர் வந்தது.

என் சிலிண்டரை எடுத்துப் போர் கேஜ் வைத்து அளந்தேன். ஒரு முனையில் 19.05. மறுமுனையில் 18.96. ஒன்பது பாயிண்ட் டேப்பர். நீர்ச்சக்கரம் வைத்துக் குடைந்த வில்கின்சனைவிட, எலெக்ட்ரிக் மோட்டாரும் கார்பைட் டூலும் வைத்திருந்த நான் ஆறு மடங்கு மோசம். பிஸ்டன் ஒரு முனையில் இறுகும், மறுமுனையில் கசியும். பிறகு எப்படி ஓடும்?

"பாரு ஆடுதுங்க தம்பி"

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருக்கிறார். மோட்டார் பம்ப் கம்பெனிகளில் 35 வருடம் லேத்தில் நின்றவர். 'அண்ணா' என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். சிலிண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கேஜை அவர் கேட்கவே இல்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் திருப்பினார்.

"ஏனுங்க தம்பி, ஜாபைச் சக்குல புடிச்சு, டூலை உள்ள விட்டு அடிச்சீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்கண்ணா."

"பாரு ஆடுதுங்க தம்பி. ஹெட் ஸ்டாக் வேற துளி திரும்பியிருக்கோணும். சின்ன லேத்து, அது அப்படித்தானுங்க இருக்கும். ஜாபைத் தூக்கிக் கிராஸ் ஸ்லைடு மேல கட்டிப்போடுங்க. பாரை ரெண்டு சென்டருக்கும் நடுவுல புடிங்க. பாரு சுத்தட்டும், ஜாப் நகரட்டும். பொறகு பாருங்க."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பெர்ஷாமில் வில்கின்சன் செய்ததைத்தான் அண்ணா சொல்கிறார்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, அது எனக்கு வரைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஜாப் சக்கில் சுழன்று, டூல் சேடிலோடு நகரும்போது, சுழலும் அச்சும் பெட்டும் துளி இணையாக இல்லாவிட்டாலும் போர் கூம்பாகிவிடும். ஆனால் பாரில் மாட்டிய டூல் பிட் சுற்றுகிற வட்டம் மாறுவதே இல்லை. ஜாப் அதைக் கடந்து நேராக நகர்கிறது. டெயில் ஸ்டாக் கொஞ்சம் விலகியிருந்தால் வட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்வட்டமாகலாம், ஆனால் முதல் முனையில் என்ன அளவோ கடைசி முனையிலும் அதே அளவு. கோணலான லேத்திலும் டேப்பர் இல்லாத போர் கிடைக்கும். 

12 மில்லிமீட்டர் சில்வர் ஸ்டீல் கம்பி ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டு, சின்ன டூல் பிட் ஒன்றைச் சொருகி, திருகு வைத்து இறுக்கினேன். இரண்டாவது வார்ப்பைக் கிராஸ் ஸ்லைடில் கட்டினேன். சென்டர் பார்த்துக் கட்டவே ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. டூலைத் துளித் துளியாக வெளியே தள்ளி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஓட்டினேன். கடைசிக் கட்டில், டூலைத் தொடாமல் அதே அளவிலேயே இரண்டு தடவை சும்மா ஓட்டச் சொன்னார் அண்ணா. தண்டின் வளைவு அதில் தெளிந்துவிடுமாம். தெளிந்தது. அளந்தேன். முனைக்கு முனை வித்தியாசம் ஒரு பாயிண்ட், அதாவது 0.01 மில்லிமீட்டர்.

மாடி அறைகள்

வாட்டுக்கும் ஒரு மாடி அறை இருந்தது. காப்புரிமை முடிந்து 1800-ல் ஓய்வுபெற்ற பிறகு, பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஹீத்ஃபீல்ட் என்ற தன் வீட்டின் பரண் அறையில் பட்டறை போட்டுக்கொண்டார். அங்கே லேத் இருந்தது. சிலைகளை நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றைக் கடைசி வரை செய்துகொண்டிருந்தார். இரண்டாவது மனைவிக்கு வீட்டுக்குள் எண்ணெய்க் கறையும் தூசியும் ஆகாது. அதனால் சில நாள் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வாராம். என் வீட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஆனால் மாடிச் செருப்பு வேறு, வீட்டுச் செருப்பு வேறு.

1819-ல் வாட் இறந்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். நூறு வருடம் பெரும்பாலும் அப்படியே கிடந்தது. 1924-ல் உள்ளே இருந்த 8,000-க்கும் மேற்பட்ட பொருள்களை லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போதும் அந்த அறையை அங்கே பார்க்கலாம். கருவிகளுக்கு நடுவே ஒரு பெட்டியும் இருந்தது. அதில் 27 வயதில் இறந்துபோன மகன் கிரிகரியின் பள்ளிக்கூட நோட்டுகள்.

உலகத்தை மாற்றிய பின்னும் ஒரு மனிதர் திரும்பிப் போனது சின்ன லேத்துக்கும் சின்ன ஜாபுக்கும்தான். 1898 ஜனவரியில் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் இன்ஜினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வீட்டில் சின்ன லேத் வைத்துக்கொண்டு குட்டி இன்ஜின் செய்பவர்களுக்காகவே ஒரு பத்திரிகை. அதே வருடம் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் ஆரம்பமானது. வரைபடம் போட்டு, பாகம் பாகமாகச் செய்முறை சொல்லி, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அந்தப் பத்திரிகை வந்திருக்கிறது. கிராஸ் ஸ்லைடில் ஜாபைக் கட்டி பாரை நடுவில் பிடிக்கும் முறை அந்த உலகத்தில் பாலபாடம். எனக்குத்தான் தெரியவில்லை. கற்றுத்தர எங்கள் தெருவிலேயே ஆள் இருந்ததும் தெரியவில்லை.

இந்த விஷயம் எனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக நான் இருக்கும் துறையில் யோசனைக்குத்தான் மரியாதை. கையால் செய்து முடிப்பது அடுத்த கட்ட வேலை, யாரோ பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வாட்டின் யோசனைக்கு 1800 வரை காப்புரிமையை நீட்டி நாடாளுமன்றம் 1775-ல் சட்டமே போட்டது. அந்த யோசனையை ஓட வைத்த சிலிண்டர் குடையும் இயந்திரத்துக்குக் காப்புரிமையே கிடையாது. வில்கின்சனும் யோக்கியர் இல்லை; வாட்டுக்குத் தெரியாமல் அதே மாதிரி இன்ஜின்களைச் செய்து விற்று, 1790-களில் பெரிய தகராறு ஆனது. ஆனாலும் அவர் முதலாளி, பெயர் நின்றது. பெர்ஷாமில் அந்தத் தண்டின் பக்கத்தில் நின்று கட்டரை நகர்த்தியவர் யார்? கின்னீலில் வெள்ளீயத்தைத் தட்டியவர் யார்? அந்தத் தகர வேலைக்காரர் யார்?

இரண்டாவது சிலிண்டரோடு இன்ஜின் ஓடிய அன்று அண்ணாவை மாடிக்குக் கூப்பிட்டிருந்தேன். கம்ப்ரஸரைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்தும் ஃபிளைவீல் நிற்கவில்லை. மகள் போனில் படம் எடுத்தாள். அண்ணா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். 35 வருட லேத் சத்தத்தில் அவருக்குக் காது பாதி மந்தம்.

"கசிவு இல்லீங்க தம்பி" என்றார். பிறகு, "ஆயிரக்கணக்குல போர் அடிச்சிருப்பேன். ஒண்ணு ஓடறதையும் இப்படி உக்காந்து பார்த்ததில்லீங்க. ஜாப் முடிஞ்சா டிரேல வெப்போம், வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும்."

அந்த இன்ஜினின் அடித்தட்டில், கீழ்ப்பக்கம், இரண்டு பெயர் பொறித்து வைத்திருக்கிறேன். சிலிண்டருக்கு நேர் கீழே இருப்பது அவருடையது.